குடல் பற்றீரியாவைக் கணினியில் வளர்ப்பது: திருகோணமலை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களில் அநேகமானவற்றுக்கு ஒட்சிசன் ஆகாது. காற்றுப் பட்டாலே செத்துப்போகிற இனங்களும் உண்டு. அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்க்க ஒட்சிசன் நீக்கிய அடைப்பறை, வாயு உருளைகள், விலை கூடிய வளர்ப்பூடகம் எல்லாம் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமோ சித்த மருத்துவமோ படிக்கிற ஒருவர் தனியாளாக இதைத் தொடங்க முடியாது. ஆனால் அதே பற்றீரியாவின் அனுசேபத்தை, அதாவது அது எதைத் தின்று எதைக் கட்டி எதை வெளியே தள்ளுகிறது என்ற முழுக் கணக்கையும், 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினியில் ஓட்டலாம். மென்பொருள் இலவசம். மாதிரியுருக்களும், அதாவது ஒவ்வொரு பற்றீரியாவுக்கும் அந்தக் கணக்கை எழுதிவைத்த கோப்புகளும், இலவசம்.

கணக்கை ஓட்டுவது அரைநாளில் பழகிவிடும் வேலை. அந்தப் பற்றீரியாவுக்கு என்ன சாப்பாடு போடுவது என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை. இந்தத் துறையில் வெளிவரும் பிழையான முடிவுகளில் கணிசமானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் அபிப்பிராயம். ஆயத்தமாகக் கிடைக்கும் உணவுப் பட்டியல்களில் ஐரோப்பிய, அமெரிக்கச் சாப்பாடுதான் அதிகம். பிட்டும் சம்பலும், சோறும் மீன்குழம்பும், குரக்கனும் தின்னும் ஊரில் இருந்துகொண்டு நாங்கள் சேர்க்கக்கூடிய புதுச் சரக்கும் அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் உணவுப் பகுதி மற்றவற்றைவிட நீளம்.

முதலில்: உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பற்றீரியாவின் மரபணுத் தொகுதியை வாசித்தால் அது என்னென்ன நொதியங்களைச் செய்யவல்லது என்று தெரியும். நொதியம் தெரிந்தால் தாக்கம் தெரியும். இந்தத் தாக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தாயமாக எழுதுகிறோம்: நிரை ஒவ்வொன்றும் ஒரு பொருள், நிரல் ஒவ்வொன்றும் ஒரு தாக்கம், உள்ளே இருக்கும் எண்கள் பீசமானக் குணகங்கள். கலத்துக்குள் எந்தப் பொருளும் தேங்கவும் கூடாது, தீரவும் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுகிறோம். இதுதான் உறுதிநிலை. பிறகு, இந்த நிபந்தனைக்கும் கிடைக்கிற சாப்பாட்டுக்கும் உட்பட்டு இந்தக் கலம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்று கேட்கிறோம். அது சுத்தமான ஏகபரிமாண நிகழ்ச்சித்திட்டக் கணக்கு. பாடசாலையில் இரண்டு மாறிகளோடு வரைபுத்தாளில் நிழற்றிச் செய்ததே, இங்கே ஆயிரக்கணக்கான மாறிகளோடு வருகிறது. விடையாக ஒவ்வொரு தாக்கத்துக்கும் ஒரு பாயம், அதாவது அது ஓடும் வேகம், கிடைக்கும்.

ஒரு முழு மரபணுத் தொகுதிக்கு இப்படி முதன்முதலில் செய்து காட்டியது 1999இல், ஜெரமி எட்வேர்ட்ஸும் பேர்ன்ஹார்ட் பால்சனும், ஹீமோபிலஸ் இன்புளுவன்சே என்ற பற்றீரியாவுக்கு.

இந்தக் கணக்கு எதைச் சொல்லாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நொதியத்தின் வேகம், ஜீன் எப்போது இயங்கும் எப்போது அடங்கும், அமிலத்தன்மை, பித்தநீரின் தாக்கம், உடலின் நோயெதிர்ப்பு ஆகிய எதுவும் அடிப்படை மாதிரியுருவில் இல்லை. ஒரு பற்றீரியாவால் எது முடியும் என்பதே அதன் விடை. அது குடலில் உண்மையில் அதைத்தான் செய்கிறதா என்பது வேறு கேள்வி.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

‘திருகோணமலை மக்களின் குடல் நுண்ணங்கிகளை ஆராய்தல்’ என்று தலைப்பு வைத்தால் ஒரு வருடம் போனாலும் ஒன்றும் வராது. ‘ஆறிய சோற்றின் செரியாத மாப்பொருள் கூடினால், பிபிடோபற்றீரியமும் பீக்கலிபற்றீரியமும் சேர்ந்திருக்கும்போது பியூற்றிரேற்று கூடுமா’ என்பது கேள்வி. இதில் உள்ளே போகும் பொருள், பங்குபற்றும் இனங்கள், வெளியே வரும் பொருள் மூன்றும் தெரிகின்றன. பியூற்றிரேற்றை ஏன் பார்க்கிறோம் என்றால், பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அதுதான் பிரதான எரிபொருள்.

படி 2: கருவிகள்

பைதன் மொழியும் அதற்குள் கோப்ராபை என்ற பொதியும் போதும். 2013இல் வெளிவந்த இந்தப் பொதியை நிறுவும்போதே ஜிஎல்பிகே என்ற இலவசக் கணக்குத் தீர்ப்பானும் கூட வந்துவிடும். மட்லாப் என்ற கட்டண மென்பொருளில் பழக்கம் உள்ளவர்களுக்கு கோப்ரா டூல்பொக்ஸ் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் பைதன் பக்கம் வருவது நல்லது, உரிமக் காசு இல்லை. கணினி பழசு என்றால் இணையத்திலேயே பைதனை ஓட்டவிடும் கூகுள் கொலாபில் ஓட்டலாம், ஆனால் இணையம் அறுந்தால் அமர்வும் போகும். ஒவ்வொரு கட்டத்தின் விடையையும் கோப்பில் சேமித்துக்கொண்டே போங்கள்.

படி 3: சின்னதில் கை பழகுதல்

நேரே குடல் இனங்களுக்குப் போகவேண்டாம். கோப்ராபையோடு ‘டெக்ஸ்ட்புக்’ என்ற பெயரில் ஒரு சிறிய ஈ. கோலை மாதிரியுரு வரும். 95 தாக்கங்கள், 72 பொருட்கள், 137 ஜீன்கள். முழு ஈ. கோலை மாதிரியுரு 2017இல் வந்தபோது 1515 ஜீன்களைக் கொண்டிருந்தது; அதன் மத்திய பகுதியை மட்டும் வெட்டி எடுத்த அளவு என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

மாதிரியுருவை ஏற்றி, ஒன்றையும் மாற்றாமல் உகப்பாக்கக் கட்டளையை, அதாவது அதிகபட்ச வளர்ச்சியைத் தேடச் சொல்லும் கட்டளையைக் கொடுங்கள். வளர்ச்சி வீதம் மணித்தியாலத்துக்கு 0.874 என்று வரவேண்டும். வராவிட்டால் நிறுவியதில் ஏதோ குழப்பம். 2இன் இயற்கை மடக்கையான 0.693ஐ இதனால் வகுத்தால் இரட்டிக்கும் நேரம் கிட்டத்தட்ட 48 நிமிடம். இது, ஒரு கிராம் உலர்திணிவுக்கு (நீரை நீக்கிய கலங்களின் திணிவு) மணித்தியாலத்துக்கு 10 மில்லிமூல் குளுக்கோசு கொடுத்து, ஒட்சிசனைத் தாராளமாக விட்டபோது.

இப்போது ஒட்சிசன் உள்ளே வரும் தாக்கத்தின் கீழெல்லையைப் பூச்சியமாக்குங்கள். இந்த மாதிரியுருக்களில் வெளியுலகோடு பரிமாறும் தாக்கங்களில் மறைக்குறி என்றால் உள்ளே எடுப்பது, நேர்க்குறி என்றால் வெளியே விடுவது. ஆனால் ‘மீடியம்’ என்ற வசதியால் சாப்பாட்டைக் கொடுக்கும்போது நேர் எண்தான் கொடுக்கவேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

மறுபடி ஓட்டினால் வளர்ச்சி 0.212 ஆக இறங்கும். இரட்டிக்க மூன்றேகால் மணித்தியாலம். வெளியே வருபவற்றைப் பாருங்கள்: அசற்றேற்று 8.5, எதனோல் 8.28, போமேற்று 17.8. கடதாசியை எடுத்துக் காபனை எண்ணுங்கள். 10 குளுக்கோசில் 60 காபன் உள்ளே போனது. அசற்றேற்றில் 17, எதனோலில் 16.6, போமேற்றில் 17.8, கூட்டினால் 51.4 வெளியே வந்திருக்கிறது. மிச்சம் 8.6 எங்கே? கலத்தின் உடம்பில். கூடவே கொஞ்சம் காபனீரொட்சைட்டையும் அது உள்ளே இழுத்திருக்கும். ஒட்சிசன் இருந்தபோது ஊதித்தள்ளியதை இப்போது புளிக்கவைத்து வெளியே கொட்டுகிறது. பெருங்குடலில் நடக்கும் முழுக் கதைக்கும் அடித்தளம் இந்தச் சின்னக் கணக்குத்தான். இதைக் கையால் சரிபார்த்தவர் பின்னால் வரும் பெரிய எண்களைக் கண்டு மிரளமாட்டார்.

படி 4: குடல் இனங்களை எடுத்தல்

இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே திருத்திச் செய்தவற்றை எடுப்பது. 2017இல் வந்த அகோரா தொகுப்பில் 773 குடல் பற்றீரியாக்களுக்கு மாதிரியுருக்கள் இருந்தன. 2023இல் வந்த அகோரா2இல் 7302 வகைகள், கூடவே 98 மருந்துகளின் மாற்றங்களும். ‘வேர்ச்சுவல் மெற்றபொலிக் ஹியூமன்’ என்ற தரவுத்தளத்திலிருந்து தனித்தனியாக இறக்கலாம். முழுத் தொகுப்பையும் இறக்கிக் கைப்பேசி டேற்றாவை வீணாக்கவேண்டாம். வேண்டிய நாலைந்து போதும்.

மற்றது, மரபணுத் தொகுதியிலிருந்து நீங்களே கட்டுவது. கார்வ்மீ, கப்செக், மொடல்சீட் என்று கருவிகள் உண்டு. கார்வ்மீ நிமிடங்களில் முடித்துத் தரும். கப்செக் நேரம் எடுக்கும், ஆனால் நொதித்தல் விளைபொருட்களில் அதை நான் கூட நம்புவேன். எந்த வழியில் போனாலும் ஒரு தொகுப்பின் பெயரிடலை மற்றதோடு கலக்காதீர்கள். ஒரே அசற்றேற்றுக்கு ஒவ்வொரு தொகுப்பிலும் ஒவ்வொரு குறியீடு. கலந்தால் ஒரு பற்றீரியா துப்பியதை மற்றது கண்டுகொள்ளாது. மென்பொருளும் பிழை என்று சொல்லாது, பேசாமல் ஓடும்.

படி 5: சும்மா சக்தி வருகிறதா?

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். மாதிரியுருவின் வெளிக்கதவுகள் எல்லாவற்றையும் பூட்டுங்கள்: குளுக்கோசு இல்லை, உப்பில்லை, ஒன்றுமில்லை. பிறகு வளர்ச்சிக்குப் பதிலாக, கலம் சக்தியைச் செலவழிக்கும் நாணயமான ஏடிபீயை உடைக்கும் தாக்கத்தைக் குறிக்கோளாக வைத்து உகப்பாக்குங்கள். விடை பூச்சியமாக இருக்கவேண்டும். பட்டினி கிடக்கும் கலம் 50, 100 என்று ஏடிபீ காட்டினால், உள்ளே எங்கோ ஒரு தாக்கம் பின்பக்கமாகவும் ஓட அனுமதிக்கப்பட்டிருக்கிறது; இரண்டு மூன்று தாக்கங்கள் வட்டமாகச் சேர்ந்து ஒன்றுமில்லாததிலிருந்து சக்தி உற்பத்தி பண்ணுகின்றன. பாயம் கூடிய தாக்கங்களைப் பட்டியலிட்டால் அந்த வட்டம் பிடிபடும். உயிர் இரசாயனப் புத்தகத்தில் ஒருபக்கத் தாக்கம் என்றிருப்பதை இங்கேயும் ஒருபக்கமாக்குங்கள்.

தானியங்கிக் கருவிகள் இடைவெளி நிரப்பும்போதுதான், அதாவது வளர்ச்சிக்குக் குறையும் தாக்கங்களைத் தாமே சேர்க்கும்போதுதான், இது அதிகம் நுழையும். வளரவேண்டும் என்று நீங்கள் கேட்டதற்காக, சான்றில்லாத தாக்கத்தையும் அது கொண்டுவந்து செருகிவிடும். ஒவ்வொரு தாக்கத்தோடும் ஒரு ஜீன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜீனே இல்லாமல் நிற்பவற்றைத் தனியே குறித்துவையுங்கள். 2020இல் வந்த மெமோட் என்ற கருவி இந்தச் சோதனைகளில் பலவற்றைத் தானாகச் செய்து அறிக்கை தரும். அதன் மொத்தப் புள்ளியை நான் பெரிதாக எடுப்பதில்லை. அதற்குள் இருக்கும் திணிவு, ஏற்றச் சமநிலைப் பகுதியைத்தான் வாசிப்பேன்.

படி 6: சாப்பாட்டை எண்ணாக மாற்றுதல்

அகோராவோடு கிடைக்கும் ‘சராசரி ஐரோப்பிய உணவு’ப் பட்டியலைப் போட்டால் மாதிரியுரு நன்றாகவே வளரும். நன்றாக வளருவதால் அது எங்களுடைய குடல் ஆகிவிடாது. தம்பலகாமத்து நெல்லரிசிச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், மீன், தேங்காய்ப்பால், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் என்று ஓடும் ஒரு வீட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதுங்கள். நிறுப்பது முக்கியம், ‘ஒரு கோப்பை’ என்பது வீட்டுக்கு வீடு வேறு. பிறகு உணவுச் சேர்மான அட்டவணை. ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, தேங்காய், குரக்கன், கீரை வகைகள் அதில் கிடைக்கும்.

அடுத்தது வடிகட்டல். நாம் தின்பது எல்லாம் பெருங்குடலுக்குப் போவதில்லை. சீனி, கொழுப்பு, பெரும்பாலான அமினோ அமிலம், சாதாரண மாப்பொருள் எல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அவற்றைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது பலர் செய்யும் எளிய ஏற்பாடு. நார்ச்சத்தைக் குறைக்கக்கூடாது, அது அப்படியே கீழே போகும். உடல் தானே குடலுக்குள் விடும் சளிச் சர்க்கரைகள், பித்த அமிலங்களையும் சேர்க்கவேண்டும். பட்டினியிலும் பற்றீரியாவுக்கு அந்தச் சாப்பாடு உண்டு.

இப்போது சோற்றை மட்டும் எடுத்து எண்ணைப் பார்ப்போம். சோற்றை ஆறவிட்டால் மாப்பொருளின் ஒரு பகுதி மறுபடி இறுகிப் பளிங்குபோலாகி, எங்கள் நொதியங்களுக்கு மசியாமல் போய்விடும். இராச்சோற்றைத் தண்ணீர்விட்டு வைத்துக் காலையில் தின்னும் பழஞ்சோற்றிலும் இது நடக்கும். நாளொன்றுக்கு 10 கிராம் மாப்பொருள் இப்படித் தப்பிப் பெருங்குடலுக்கு வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மாப்பொருளில் ஒரு குளுக்கோசு அலகின் திணிவு 162. 10ஐ 162ஆல் வகுத்தால் 0.0617 மூல், அதாவது 61.7 மில்லிமூல் குளுக்கோசு அலகு.

இந்த 61.7ஐ அப்படியே மாப்பொருள் என்ற வரிக்கு எதிரே எழுதிவிட்டால் காரியம் கெட்டது. அகோரா மாதிரியுருக்களில் மாப்பொருள் மூலக்கூறு 1200 குளுக்கோசு அலகுகளைக் கொண்டது. அமைலோசுக்கு 300, அமைலோபெக்டினுக்கு 900. பெயரின் கடைசியில் அந்த எண் ஒட்டியிருக்கும். ஆகவே 61.7ஐ 1200ஆல் வகுத்து 0.051 மில்லிமூல் மாப்பொருள் என்றுதான் கொடுக்கவேண்டும். மறந்தால் 10 கிராமுக்குப் பதில் 12 கிலோ மாப்பொருளை ஒரே நாளில் ஒரு குடலுக்குள் கொட்டியிருப்பீர்கள். மாதிரியுரு அதையும் சந்தோஷமாகத் தின்று பியூற்றிரேற்று மலையைக் காட்டும்.

அலகுப் பொறி இன்னொன்றும் இருக்கிறது. உணவுப் பட்டியல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வரும். மாதிரியுருவோ ஒரு கிராம் உலர்திணிவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு என்று கேட்கும். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள், எல்லாம் சேர்ந்து 200 கிராம் அளவு என்று 2016இல் ரொன் செண்டர், ஷாய் ஃபுக்ஸ், ரொன் மைலோ மூவரும் மதிப்பிட்டார்கள். அதில் கால்பங்கு உலர்திணிவு என்று வைத்தால் 50 கிராம். 61.7ஐ 24ஆல் வகுத்து, வருவதை 50ஆல் வகுத்தால் 0.05 மில்லிமூல் குளுக்கோசு. படி 3இல் ஈ. கோலைக்குக் கொடுத்தது 10. இருநூறு மடங்கு வித்தியாசம்!

அந்த 0.05ஐச் சின்ன ஈ. கோலைக்குக் கொடுத்துப் பாருங்கள். ‘தீர்வில்லை’ என்று வரும். ஏனென்றால் அந்த மாதிரியுரு வளராமல் சும்மா உயிரோடிருப்பதற்கே 8.39 அலகு ஏடிபீ கேட்கும்படி எழுதப்பட்டது. ஒட்சிசன் நிறைய இருந்தாலும் ஒரு குளுக்கோசிலிருந்து அது எடுக்கக்கூடியது 17.5 ஏடிபீதான், 0.05 குளுக்கோசில் ஒன்றுகூடத் தேறாது. குடல் என்பது குடுவைபோலச் செழிப்பான இடமல்ல, வறுமையான இடம் என்பதை இந்த ஒரு ஓட்டம் காட்டிவிடும். குடல் வேலைக்கு இரண்டு அலகு முறைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ‘ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு’ என்ற முறை எழுதுவதற்கு இலகு, ஆனால் அதில் வரும் வளர்ச்சி எண்ணை மணித்தியால வளர்ச்சி என்று வாசிக்கக்கூடாது.

நார்ச்சத்தில் இன்னொரு தொல்லை. அட்டவணையில் ‘நார்ச்சத்து, இத்தனை கிராம்’ என்று ஒரே எண். மாதிரியுருவுக்கோ பெக்டின் எவ்வளவு, அரபினோசைலன் எவ்வளவு, செலுலோசு எவ்வளவு என்று தனித்தனியே வேண்டும். பிட்டுக்குப் போடும் குரக்கன் மாவில் இந்தப் பிரிவு என்ன, வல்லாரையில் என்ன என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கவேண்டும். கிடைக்காத இடத்தில் நெருங்கிய உணவின் பிரிவை எடுத்து, ‘இது ஊகம்’ என்று பக்கத்து நிரலில் எழுதிவையுங்கள்.

படி 7: இருவரைச் சேர்த்து விடுதல்

பிபிடோபற்றீரியம் அடோலசென்டிஸ் மாப்பொருளை உடைத்து அசற்றேற்றும் இலற்றேற்றும் விடும். பீக்கலிபற்றீரியம் பிரௌஸ்னிற்சி அசற்றேற்றை எடுத்துக்கொண்டு பியூற்றிரேற்று விடும். இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது பியூற்றிரேற்று கூடியதை ஆய்வுகூடங்களிலும் கண்டிருக்கிறார்கள். அதனால் தொடங்குவதற்கு நல்ல சோடி.

முதலில் ஒவ்வொன்றையும் தனியே ஓட்டுங்கள். பிபிடோவின் வழமையான பாதையில் 2 குளுக்கோசுக்கு 3 அசற்றேற்று, 2 இலற்றேற்று வரவேண்டும். உங்கள் மாதிரியுரு இலற்றேற்றே இல்லாமல் போமேற்று, எதனோல் என்று காட்டினால் திடுக்கிடவேண்டாம். வளர்ச்சியை உச்சப்படுத்தும் கணக்கு, ஏடிபீ கொஞ்சம் கூடத் தரும் பக்கம் சாயும். வேகமாக வளரும்போது இலற்றேற்றுப் பக்கம் போவது உயிருள்ள பற்றீரியாவின் பழக்கம். உங்கள் அறிக்கையில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். பீக்கலிபற்றீரியத்தைத் தனியே ஓட்டும்போது அது வளரவேயில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ உயிர்ச்சத்தோ அமினோ அமிலமோ உணவில் விடுபட்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள்.

பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு பொது வெளியை வையுங்கள். உணவு அங்கே வரும், இருவரும் அங்கிருந்து எடுப்பார்கள், அங்கேயே விடுவார்கள். மாப்பொருளை மட்டும் மாற்றி மாற்றி, பாதி, ஒரு மடங்கு, இரு மடங்கு என்று ஓட்டிப் பியூற்றிரேற்றைக் குறியுங்கள்.

படி 8: கூட்டம்

இரண்டு பத்தாகும்போது ஒரு சிக்கல் வரும். ‘மொத்த வளர்ச்சியைக் கூட்டு’ என்று மட்டும் கேட்டால், கணக்கு எல்லாச் சாப்பாட்டையும் சிக்கனமான ஒரே இனத்துக்குக் கொடுத்து மற்றவற்றைப் பட்டினி போடும். குடலில் அப்படி இல்லை. 2020இல் கிறிஸ்டியன் டீனரும் கூட்டாளிகளும் வெளியிட்ட மைகொம் இதற்கு ஒரு வழி சொன்னது: மொத்த வளர்ச்சியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அந்த இடைவெளியில் முடிந்தவரை எல்லா இனங்களும் வளரும்படி பங்கிடுவது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது நீங்கள் வைக்கும் எண். ஒரே எண்ணோடு நின்றுவிடாமல் பூச்சியம் தசம் இரண்டிலிருந்து ஒன்றுவரை ஓட்டி, எத்தனை இனம் உயிரோடு நிற்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். இந்தப் பங்கீட்டுக்கு இருபடிக் கணக்கும் தீர்க்கவேண்டும் என்பதால், குரோபி, சிபிளெக்ஸ் போன்ற கணக்குத் தீர்ப்பான்கள் கைகொடுக்கும். பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால் கல்வி உரிமம் இலவசம்.

எந்த இனம் எத்தனை பங்கு என்ற தரவு மல மாதிரியின் டிஎன்ஏ வாசிப்பிலிருந்து வரும். பழகுவதற்குப் பொதுக் களஞ்சியங்களில் உள்ள தரவே போதும். உள்ளூரில் மாதிரி சேர்ப்பதானால் முதலில் அறநெறிக் குழுவின் அனுமதி, பிறகு கொடுப்பவரின் எழுத்துமூலச் சம்மதம். விடுதித் தோழனிடம் போத்தலை நீட்டுவது ஆராய்ச்சி இல்லை. தரவில் உள்ள இனங்களில் எத்தனை வீதத்துக்கு உங்களிடம் மாதிரியுரு இருக்கிறது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பாதிதான் பொருந்தியது என்றால் நீங்கள் பார்ப்பது பாதிக் குடல்.

படி 9: விடையை நம்பலாமா?

உகப்பாக்கம் ஒரு விடையைத் தரும், ஆனால் அதே வளர்ச்சியைத் தரும் வேறு நூறு விடைகளும் இருக்கலாம். பியூற்றிரேற்று 4 என்று வந்தால், வளர்ச்சியை உச்சத்தில் பிடித்துவைத்துக்கொண்டு பியூற்றிரேற்றின் ஆகக் குறைந்த அளவையும் ஆகக் கூடிய அளவையும் கேளுங்கள். கோப்ராபையில் இதற்கென்றே பாய வீச்சுப் பகுப்பாய்வு என்ற கட்டளை இருக்கிறது. 3.9 முதல் 4.1 என்றால் பேசலாம். 0 முதல் 9 என்றால் அந்த 4க்குப் பெறுமதி இல்லை.

வெளியே உள்ள அறிவோடும் ஒப்பிடுங்கள். மலத்தில் அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூற்றிரேற்று மூன்றும் ஏறத்தாழ 60க்கு 20க்கு 20 என்ற விகிதத்தில் இருப்பது பல ஆய்வுகளில் கண்டது. உங்கள் கூட்டத்தில் புரொப்பியோனேற்றே வரவில்லை என்றால் பற்றரொயிட்ஸ் இனங்களைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது அவற்றின் சக்சினேற்றுப் பாதை எங்கோ அடைபட்டிருக்கும்.

ஒரு ஊக எண்ணைப் பாதியாக்கியபோதே தலைகீழாகும் முடிவை எழுதவேண்டாம்.

மருந்தும் மூலிகையும்

எக்கதெல்லா லெண்டா என்ற பற்றீரியா இதயநோய்க்குக் கொடுக்கும் டைகொக்சினை வேலைசெய்யாத பொருளாக மாற்றிவிடும். என்டரோகொக்கஸ் பீக்காலிஸ், பாக்கின்சன் நோய்க்கான லெவோடோப்பாவை மூளைக்குப் போகுமுன்னே குடலில் உடைத்துவிடும். இவை போன்றவற்றை அகோரா2இல் நேரடியாகவே ஓட்டிப் பார்க்கலாம்.

சித்த மருத்துவ மாணவர் அடுத்துக் கேட்பது திரிபலாவைப் பற்றித்தான். கடுக்காயில் உள்ள எலகிக் அமிலச் சேர்வைகளைக் கோடோனிபற்றர் போன்ற சில குடல் இனங்கள் யூரோலிதின்களாக மாற்றும் என்பது தெரிந்த விடயம். எல்லாருடைய குடலிலும் அந்த இனங்கள் இல்லாததால் எல்லாரிடமும் யூரோலிதின் வருவதில்லை. மாதிரியுருவில் அந்தத் தாக்கங்கள் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம்: பொருளின் சூத்திரம், ஏற்றம், ஒவ்வொரு படியின் பீசமானம், அதற்குப் பொறுப்பான ஜீன், சான்று. சேர்த்த பிறகு படி 5ஐத் திரும்பச் செய்யவேண்டும். சூரணம் முழுவதையும் ஒரு பொருளாக மாதிரியுருவுக்குள் போட வழியில்லை. ஒவ்வொரு சேர்வையாகத்தான் போகவேண்டும். நோயாளியிடம் ‘கணினி சொன்னது, இதைச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லும் நிலையில் இந்தக் கருவி இன்று இல்லை.

நேரம் உள்ளே வரும்போது

இதுவரை சொன்ன கணக்கில் நேரம் கிடையாது. ஒரு நாள் சாப்பாடு முழுவதும் சமமாகப் பரவி வருகிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். கிண்ணியாவிலோ மூதூரிலோ நோன்பு மாதத்தில் சகர் நேரத்திலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் மட்டும் உண்ணும் ஒருவரின் குடலையும், அதே சாப்பாட்டை மூன்று வேளை தின்னும் ஒருவரின் குடலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே எண் வரும்.

இதற்கு இயக்க முறைக் கணக்கு வேண்டும். பொது வெளியில் ஒவ்வொரு பொருளின் செறிவையும் எழுதிவைத்து, ஆறு நிமிடம் போன்ற சிறிய நேரத்துண்டுக்கு ஒருமுறை உகப்பாக்கி, தின்றதைக் கழித்து, துப்பியதைக் கூட்டி, கலத்தின் திணிவை ஏற்றி, அடுத்த துண்டுக்குப் போகவேண்டும். கூடவே மலத்தோடு வெளியேறும் பங்கையும் ஒவ்வொரு துண்டிலும் கழிக்கவேண்டும், இல்லாவிட்டால் பற்றீரியா கட்டுக்கடங்காமல் பெருகும். 2014இல் வந்த கொமெற்ஸ், 2017இல் வந்த பக்அரீனா இரண்டும் இதை இடப்பரப்போடு சேர்த்தே செய்யும். ஆனால் முதல்முறை ஒரே ஒரு பற்றீரியாவோடு கோப்ராபையில் ஒரு எளிய சுற்றாக நீங்களே எழுதுங்கள். காலை 4 மணிக்கும் மாலை 6.30க்கும் மட்டும் மாப்பொருள் வரும்படி உணவுக் கோப்பில் நேர நிரல் ஒன்றைச் சேருங்கள். 24 மணித்தியாலத்தை ஓட்டி, நடுப்பகலில் அந்தப் பற்றீரியா எதைத் தின்று நிற்கிறது என்று பாருங்கள். மாப்பொருள் தீர்ந்த பிறகு குடற்சளிச் சர்க்கரைக்கு மாறுகிறதா, அல்லது வளர்ச்சியை நிறுத்திவிடுகிறதா என்பது எந்த இனத்தை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பற்றரொயிட்ஸ் தீற்றாயோட்டாவோமிக்ரோனுக்குச் சளியைத் தின்னும் நொதியங்கள் உண்டு, பீக்கலிபற்றீரியத்துக்கு அந்த வசதி மட்டு. ஆகவே இந்த இரண்டையும் தனித்தனியே ஒரே நேர நிரலில் ஓட்டி, கோடுகளை ஒரே வரைபில் போட்டுப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.